ஒரு பக்கம் மட்டும் தெரிகிற போன்

தம்பி,

"நாங்கள் இங்கு நலம், உன் நலமறிய ஆவல்" என்று தொடங்குவதுதான் முறை. உன் தாத்தா எனக்கு எழுதிய கடிதங்களில் முதல் வரி அதுதான். கடைசி வரியும் ஏறக்குறைய அதுதான். நானும் பேனாவை எடுத்து அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு சொல் எழுதியதும் கை நின்றுவிட்டது. நாங்கள் இங்கு நலமாக இல்லை. நீ அங்கு நலமாக இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. தபாலில் போடப் போவதில்லை. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறேன். நீ இருக்கும் வளைகுடா நாட்டில் அதில் எழுத்து போகிறது, படம் போகிறது, பேச்சு மட்டும் போவதில்லை. கூப்பிட்டால் 'கனெக்டிங்' என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. ஏறி உட்கார்ந்த பிறகும் கிளம்பாத வண்டிதான் அது. பேசுவதற்கென்று அந்த நாட்டில் அனுமதித்த வேறொரு ஆப்பை, நீ போன புதிதில் மெசேஜிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லி என் போனில் ஏற்ற வைத்தாய். 'அலவ்' என்று வருகிற இடத்தில் எல்லாம் அமுக்குப்பா என்றாய். அது வராத இடத்திலும் நான் அமுக்கியதில், உன் சித்தப்பனுக்குத் தானாகவே கால் மேல் கால் போய், அவன் சட்டை கூடப் போடாமல் ஓடி வந்து "இன்னாண்ணே, யாருக்கு இன்னா ஆச்சி?" என்று வாசலில் நின்றான். அந்த ஆப்பில் உன்னோடு பேசலாம்தான். ஆனால் இதைப் பேச முடியாது. உன் ரூமில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு ஆட்கள் இருக்கிறார்கள். அதோடு, போனில் உன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பொய்தான் வருகிறது. பேப்பரைப் பார்த்தால் கொஞ்சமாவது நிஜம் வரும் என்று நினைக்கிறேன்.

திண்டிவனம் விழுப்புரம் ரூட்டில் கண்டக்டராக நின்றுகொண்டே காலத்தைக் கழித்தவன் நான். கண்டக்டர் முகத்தைப் பார்த்து டிக்கெட் கொடுப்பான் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். முகத்தைப் பார்க்க நேரம் ஏது? கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கைதான். காசு நீட்டுகிற கை, கம்பியைப் பிடித்த கை, டிக்கெட் எடுத்தாச்சு என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டுகிற கை. எடுக்காதவன் கை மட்டும் எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும். துண்டுக்குள் இருக்கும், பைக்கு அடியில் இருக்கும். அதை வைத்தே கூட்டேரிப்பட்டு வருவதற்குள் ஆளைப் பிடித்துவிடுவேன். ரிடயர் ஆன பிறகும் அந்தக் கண் என்னை விட்டுப் போகவில்லை. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் நான் கையைத்தான் பார்க்கிறேன். உன்னையும் போனில் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது உனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. நாங்கள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவி வைக்கிற நேரத்தில் உனக்கு அங்கே மத்தியானச் சாப்பாடு. உங்கம்மா போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு எதிரில் உட்காருவாள். அவளுக்குப் பேச்செல்லாம் அப்புறம். "இன்னா கொழம்பு? தட்டக் காட்டு. சரி, சாப்ட்டு காமி" என்பாள். நீ பிசைந்து ஒரு வாய் வைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம். ஒரு தடவை நீ போனை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையால் அப்பளத்தை எடுத்து வாயில் போட்டுவிட்டாய். கடல் தாண்டி இருக்கிற பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் அவள் பிடித்துக்கொண்டாள். "பீச்சாங்கையால தின்றதுக்கா உன்ன வளத்தேன்? கருமம், கருமம்! போன கீழ வெச்சிட்டு ஒழுங்கா சாப்டு" என்றாள். சின்ன வயதில் அதற்காக உன் மணிக்கட்டில் அவள் போட்ட அடிகளுக்குக் கணக்கில்லை. அன்றைக்கு உன் ரூம்காரர்கள் சிரித்த சிரிப்பு எங்கள் அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது. உங்கம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடல் தாண்டியும் அவள் அதட்டல் செல்லுபடி ஆகிறதே என்று.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி. சித்திரை மாதம், மாடியில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலையை வாரிக்கொண்டிருந்தவள் முறத்தோடு அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வாதம். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அவர்கள் நன்றாகப் பார்த்ததில் உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது காலும் இடது கையும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது, கோலூன்றி நடக்கிறாள். கை வரவில்லை. முகத்தில் இடது பக்கம் தொங்கிவிட்டது. பேச்சு குழறும், பழகினால் புரியும். எனக்கு இப்போது எல்லாம் புரிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் பேசி எனக்குப் புரிந்த முதல் வார்த்தை உன்னைப் பற்றியதுதான். "தம்பிக்கு... சொல்லாத" என்றாள். சொல்லக் கூடாது என்று நானும் அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.

நம் தெருவின் சட்டம் உனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு எந்தச் சேதியையும் ஒரு படி குறைத்துத்தான் சொல்ல வேண்டும். எதிர் வீட்டு ஜெயா, மகன் சிங்கப்பூர் போன நாளிலிருந்து இதில் தேர்ந்தவள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவள் என்னை ஓரமாக அழைத்துப்போய்ப் பாடமே நடத்தினாள். "அண்ணே, செத்தா சீரியஸ்னு சொல்லணும். சீரியஸா இருந்தா காய்ச்சல்னு சொல்லணும். காய்ச்சலா இருந்தா நல்லா இருக்கோம்னு சொல்லணும். புள்ள அங்க மெஷின்கிட்ட நின்னுக்கினு இருக்கும், நாம ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லி அது கவனம் தப்பிச்சுன்னா இன்னா பண்றது?" அந்தக் கடைசி வார்த்தை என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. நீ இரும்பு வெட்டுகிற இடத்தில் வேலை செய்கிறாய். உங்கம்மாவுக்கு வாதம் என்று கேட்டுவிட்டு மறுநாள் போய் மெஷின் முன்னால் நின்றால் உன் கை என்ன ஆகும்? உன் கையைக் காப்பாற்றத்தான் தம்பி, நான் வாயை மூடினேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் நாடகம். வெள்ளிக்கிழமை ஆனால் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உங்கம்மாவை உட்கார வைப்பேன். வலது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி திருப்பி, முந்தானையை வாய்மேல் வைத்து, போனை நான் கையில் பிடித்துக்கொள்வேன். கொஞ்சம் அசைந்தால் இடது பக்கம் தெரிந்துவிடும். மூச்சுகூட அளந்துதான் விட வேண்டும். பல் பிடுங்கியிருக்கிறது, டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். அடுத்த வாரமும் பல். அதற்கடுத்து வேறொரு பல். "அம்மாக்கு மொத்தம் எத்தினி பல்லுப்பா?" என்று நீ கேட்டாய். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய், உங்கம்மாவும் முந்தானைக்குள் பாதி வாயால் சிரித்தாள். அதற்குமேல் கேள்வி வந்தால் என்னிடம் ஒரே மருந்துதான்: "டேய், நெட்டு இல்ல, கட் ஆவுது." பச்சையாகப் புளுகிவிட்டுச் சிவப்புப் பட்டனை அமுக்குவேன். நெட் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

என் நாடகத்திலேயே மூழ்கிக் கிடந்ததால் உன் நாடகத்தைக் கவனிக்க எனக்கு நேரமாகிவிட்டது. ஆடி மாதம் பிறந்த பிறகு நீ சாப்பிட்டுக் காட்டவே இல்லை. "இப்பதாம்மா சாப்ட்டேன்" என்கிறாய். முன்பெல்லாம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ரூமைச் சுற்றிக் காட்டுவாய், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கட்டடத்தைக் காட்டுவாய். இப்போது போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு எதிரில் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்துகொள்கிறாய். எப்போதும் அதே சுவர், அதே போர்வை, உன் முகம், இடது தோள். பக்கம் பக்கமாகத் தமிழில் தட்டி அனுப்பியவன், இப்போது எல்லாவற்றுக்கும் குரல் பதிந்து அனுப்புகிறாய், இல்லாவிட்டால் ஒரு பொம்மை முகத்தைப் போட்டுவிடுகிறாய். வேலை நாளில், பட்டப்பகலில், உன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று நிற்கிறது. மெஷின் முன்னால் நிற்க வேண்டிய நேரத்தில் போனை நோண்டிக்கொண்டிருக்க உன்னை யார் விட்டார்கள்? அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நான் திண்டிவனத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீ அங்கே இருப்பது தெரிகிறது. என்னவாக இருக்கிறாய் என்பது தெரியவில்லை.

அடிபட்டதை மறைப்பது உனக்குப் புதிதில்லை. பெருமுக்கல் மலைக்கு உங்கம்மா வேண்டிக்கொண்டு நம்மை எல்லாம் நடத்திக் கூட்டிப்போனாளே, நீ அப்போது அரை டிக்கெட். பாதி மலையில் காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருக்கிறது. நீ மூச்சு விடவில்லை. மேலே போய்ச் சாமி கும்பிட்டு, கீழே இறங்கிச் செருப்பை மாட்டி, பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் காலை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். செருப்பில் ரத்தம் ஊறியிருந்ததை நான்தான் பார்த்தேன். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "சொன்னா அம்மா சாமி பாக்காம எறங்கிடும்ல" என்றாய். அன்றைக்கு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு அறை கொடுத்து, வலித்தால் வலிக்கிறது என்று சொல்லப் பழக்கியிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

சந்தேகம் வந்த பிறகு என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். ஆனது ஒன்றும் இல்லை. உன்னை அனுப்பி வைத்த ஏஜெண்ட்டைப் பார்க்க விழுப்புரத்துக்குப் போனேன். "பையன் நல்லாத்தாங்க இருக்கறாரு, நீங்க இன்னாத்துக்கு பேஜாராவறீங்க?" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். கம்பெனி நம்பருக்குப் போட்டால் ஒரு பெண் குரல் அரபியில் ஏதோ சொல்கிறது. நான் தமிழில் கெஞ்சுகிறேன், அது தன் பாட்டுக்குச் சொன்னதையே சொல்கிறது. நீ முன்பு கொடுத்த உன் ரூம்காரர் நம்பருக்கு, "தம்பி, எங்க பையன் எப்படி இருக்கிறான், மறைக்காமல் சொல்லுங்க" என்று மெசேஜ் போட்டேன். இரண்டு கோடு விழுந்தது, நீலமும் ஆனது. காத்திருந்து காத்திருந்து கடைசியில் பதில் வந்தது: ஒரு கட்டைவிரல் படம். மற்ற நாளாக இருந்தால் நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அன்று அந்த விரலைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பஸ்ஸில் இடம் இல்லாவிட்டாலும் படியில் தொங்கிக்கொண்டாவது போய்ச் சேர்ந்துவிடுவேன். இது கடல். என்னிடம் பாஸ்போர்ட்டும் இல்லை. போனை எவ்வளவு தேய்த்தாலும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை உங்கம்மா திருவாமாத்தூர் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். விழுப்புரம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கோலை ஒரு கையில் ஊன்றி, இன்னொரு பக்கம் என்மேல் சாய்ந்துகொண்டு வந்தாள். அம்மன் சன்னிதியில் இருக்கிற வட்டப்பாறையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாகத் தகராறு, திருட்டுப் பழி, எதுவாக இருந்தாலும் ஜனங்கள் அங்கே வந்து கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். பொய் சொன்னவனை அது சும்மா விடாது என்பார்கள். சத்தியம் செய்யப் போகிறவர்கள் என் பஸ்ஸில் வரும்போது ஒருவரோடு ஒருவர் பேசாமல் வருவார்கள், பார்த்திருக்கிறேன். கும்பிட்டு முடித்து நாங்கள் ஓரமாக நின்றிருந்தபோது, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே உன் கால் வந்தது. கோயிலுக்குள் போனை எடுக்கக் கூடாதுதான். கூட்டம் இல்லை. எடுத்துவிட்டேன்.

"இன்னாப்பா, வேற எடமா தெரியுது?" என்றாய்.

"திருவாமாத்தூர்டா. இந்தா, வட்டப்பாறைய பாத்துக்க" என்று கேமராவைத் திருப்பிக் காட்டினேன்.

"தெரியுதுப்பா. அம்மா எங்க?"

"பின்னால நிக்கிறா. பாறை நல்லா தெரியுதில்ல? அப்ப கைய நீட்டி, நல்லா இருக்கறேன்னு சொல்லு பாக்கலாம்."

"இன்னாப்பா வெளாடிக்கினு..."

"வெளாட்டுதான். சொல்லேன்."

நீ கீழே பார்த்தாய். போன் வழக்கம்போலச் சாய்ந்துதான் இருந்தது, இரண்டு கையும் சும்மாதான் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை மேலே வந்தது. உள்ளங்கையை விரித்து, "நல்லா இருக்கறேம்ப்பா" என்றாய். அது இடது கை. சாமி முன்னால், சத்தியத்துக்கு, நம் வீட்டில் பிறந்தவன் எவனும் இடது கையை நீட்ட மாட்டான். பீச்சாங்கையால் திருநீறுகூட வாங்காதவன் நீ. நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"இப்ப நீ சொல்லுப்பா. பாறை மேல கைய வெச்சி, அம்மா நல்லா இருக்குதுன்னு சொல்லு."

பின்னால் உங்கம்மாவின் கோல் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பாறை எனக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. "டேய், நெட்டு இல்ல, கட் ஆவுது" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பட்டனை அமுக்கினேன். அம்மன் முன்னாலேயே அந்தப் பொய்யையும் சொன்னேன். நீயும் திரும்பக் கூப்பிடவில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் ஒரு நூலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன். போனில் நம்மை நாமே பார்த்தால் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறித்தானே தெரிகிறது? அப்படியானால் நீ நீட்டியது வலது கையாகவே இருக்கலாமே, எனக்குத்தான் இடதாகத் தெரிந்திருக்கலாமே! வீட்டுக்கு வந்ததும் உங்கம்மாவை உள்ளே கட்டிலில் உட்கார வைத்து அவள் போனைச் சாய்த்து வைத்தேன். நான் வாசல் அறைக்கு வந்து என் போனிலிருந்து வீடியோ கால் போட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெண்டாட்டிக்கு வீடியோ கால் போடுகிற கிழவனைத் தெருவில் யாராவது பார்த்திருந்தால் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். "கையத் தூக்கு" என்றேன். தூக்கினாள். அவளுக்குத் தூக்க ஒரு கைதான் இருக்கிறது, அதனால் குழப்பத்துக்கே இடமில்லை. எதிரில் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் தெரியுமோ அந்தப் பக்கமே தெரிந்தது. வலது கை வலது கையாகவே வந்தது. "எறக்கிட்டு இன்னொரு வாட்டி தூக்கு" என்றேன். மறுபடியும் அப்படியே. நூல் அறுந்துவிட்டது.

போனைப் பிடித்தபடியே நான் அழுதுகொண்டிருந்ததை அவள் அவளுடைய போனில் பார்த்திருக்கிறாள். கோலைத் தட்டிக்கொண்டு மெல்ல வாசல் அறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளே, "எனக்கு... ஆடியிலியே தெரியும்" என்றாள்.

"எப்டிடி?"

"சாப்ட்டு... காட்டல."

உனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொண்டே அத்தனை வெள்ளிக்கிழமையும் அவள் வலது கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் நீ அவளைக் கேட்பாய் என்ற பயம். நான் உனக்காக மறைத்தேன், நீ எங்களுக்காக மறைத்தாய், அவள் எங்கள் இரண்டு பேருக்காகவும் மறைத்திருக்கிறாள். மூன்று பேரும் வாராவாரம் போனில் சந்தித்து நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். "இனி... சொல்லு. எழுது" என்றாள். சொல்லாதே என்று தொடங்கி வைத்தவளே சொல்லு என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டாளே தவிர, அதற்குப் பிறகும் எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை வந்து போயின. நீ குரல் மட்டும் அனுப்பினாய், நான் பொம்மை முகம் அனுப்பினேன். இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிந்திருக்கிறது.

உன் கைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கட்டுப் போட்டிருக்கிறாயா, விரல் போய்விட்டதா, அதற்கும் மேலேயா, ஒன்றும் தெரியாது. கண்ணை மூடினால் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி தெரிகிறது. என்னவாக இருந்தாலும் நான் சொல்கிற சிலதைக் கேள். புரியாத பாஷையில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே, ரேகையும் வைக்காதே. பாஸ்போர்ட் உன்னிடம் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் வெட்கப்படாமல் நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போ, கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ. ஆஸ்பத்திரிச் சீட்டை எல்லாம் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, எனக்குப் புரியாவிட்டாலும் காட்டிக் கேட்க இங்கே டாக்டர் இருக்கிறார். வேலை போய்விட்டால் போகட்டும். ஊருக்கு வந்தால் நாலு பேர் கேட்பார்களே என்று நினைக்காதே; கேட்கிறவனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், பஸ்ஸில் எவ்வளவோ பேரின் வாயை அடைத்தவன் நான். ஒரு கையால் என்ன செய்ய முடியும் என்று மட்டும் யோசிக்காதே. உங்கம்மா ஒரு கையால் பூண்டு உரிக்கிறாள். எப்படி என்று சொன்னால் நம்ப மாட்டாய், வந்து பார்.

இந்த அறிவுரை எல்லாம் உனக்கு எவ்வளவு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு எழுதத்தான் முடிகிறது. உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர்கூட என்னால் எடுத்து வைக்க முடியாது. சட்டைப் பட்டனை யார் போட்டுவிடுகிறார்கள்? சோற்றை யார் பிசைந்து கொடுக்கிறார்கள்? யாராவது ஒரு புண்ணியவான் அந்த ரூமில் இருப்பான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரல் படம் அனுப்பியவர்தான் அந்த ஆள் என்றால், அவரை நான் மனசுக்குள் திட்டியதை மன்னிக்கச் சொல்லு.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. நெட் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. உங்கம்மாவை ஜன்னலுக்கு நேராக உட்கார வைப்பேன், முந்தானை இல்லாமல், முகம் முழுவதும் தெரிகிற மாதிரி. பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போடும். அழுகை வந்தால் அழு. நீயும் போனைக் கொஞ்சம் தள்ளி வை, இரண்டு பக்கமும் தெரிகிற தூரத்துக்கு. இருப்பதையும் காட்டு, இல்லாததையும் காட்டு.

முடிப்பதற்கு முன்னால் இவ்வளவையும் உங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பேனாவை மூடப் போகும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தட்ட... எதுர்ல வெச்சிக்கச் சொல்லு."

"சரி, எழுதறேன்."

"பீச்சாங்கையா இருந்தாலும்... பரவால்லன்னு எழுது. சாப்ட்டு காமிக்கச் சொல்லு."

எழுதிவிட்டேன்.

உன் அப்பா